காய்ந்த இறாலைத் தவிர எதையும் தொடாத ஆமைக்கு நான் வாங்கிப் பார்த்தவை

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்ந்த இறால் டப்பாவை வாங்காதீர்கள், மிதக்கும் குச்சித் தீனியைத் தாராளமாக வாங்கலாம், உறைந்த பிளட்வோர்ம் என்கிற சிவப்புப் புழுவை எப்போதாவது கொடுக்கலாம், உயிருள்ள கிரிக்கெட் பூச்சி வாங்குவது உங்கள் வீட்டில் இருப்பவர்களின் பொறுமையைப் பொறுத்தது. இது எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவியது அடுக்களையில் ஏற்கெனவே இருந்த அகார் அகார் (கடல்பாசி) பாக்கெட். அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது சிவப்புக்காது ஆமை, கடைக்காரர்கள் டெர்ரபின் என்பார்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய அலுவலக நண்பர் ஒருவர் தொட்டியோடும் ஃபில்டரோடும், பாதி தீர்ந்திருந்த ஒரு காய்ந்த இறால் டப்பாவோடும் கொடுத்துவிட்டுப் போனார். என் மகள் அதற்குத் தம்பி என்று பெயர் வைத்துவிட்டாள். நன்றாக வளர்ந்த ஆண் ஆமை, முன்னங்கால் நகங்கள் நீளமாக இருக்கும். குட்டியிலிருந்தே இறால் மட்டும்தான் தின்று பழகியிருக்கிறது போல. வேறு எதைப் போட்டாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், சில சமயம் முன்னங்காலால் தள்ளியும் விடும்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஏமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்று வளர்க்கிறான். அதுவும் சாப்பாட்டில் மகா அடம். "ஒரே பூச்சியை ரெண்டு வாரம் குடுத்தா மூணாவது வாரம் மூஞ்சியத் திருப்பிக்கும்ணே" என்று புலம்புவான். தீனி விஷயத்தில் நான் செய்து பார்த்த பாதி வேலைகள் அவன் சொல்லிக்கொடுத்தவை. ஆனால் அவனைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் பச்சோந்திக்கு ஆசைப்படாதீர்கள். சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள ஊர்வன இரண்டே இரண்டுதான், சிவப்புக்காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும். பச்சோந்தி, இகுவானா, பாம்பு எல்லாம் சட்டவிரோதம். தேசிய பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் ஏவிஎஸ் என்கிற விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு இதில் கண்டிப்பாக இருக்கிறது.

சரி, டப்பாக்களுக்கு வருவோம்.

காய்ந்த இறால். பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை, எல்லாப் பிராண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டப்பாவில் ஆமை படம் பெரிதாக இருக்கும், உள்ளே தக்கை மாதிரி காய்ந்துபோன இறால். இது ஆமைக்குப் பிடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை, மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே தம்பி கண்ணாடியில் வந்து முட்டும். பிரச்சினையே அதுதான். எப்போதாவது ஒரு வாய் கொடுக்கவேண்டியதைத் தினச் சாப்பாடாகக் கொடுத்தால் ஆமைக்குத் தேவையான வைட்டமின் ஏ கிடைக்காது. அந்தக் குறை முதலில் கண்ணில்தான் தெரியும், இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகும். கண் தெரியாத ஆமை தீனியைத் தேடாது, தேடாததால் இன்னும் இளைக்கும். தம்பி எங்களிடம் வந்தபோதே இமை லேசாக உப்பித்தான் இருந்தது. ஊர்வன பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்பதுதான். உங்கள் ஆமைக்கும் இமை வீக்கம் இருந்தால் நீங்களாக வைட்டமின் சொட்டு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம், ஏ அளவு மீறினாலும் ஆபத்து. டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த டப்பாவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதன் அடியில் தங்கும் தூளுக்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இன்னொன்று, சமையலுக்கு வாங்கும் கூனியை ஆமைக்குப் போடாதீர்கள். "கூனிதானே, தேக்காவுல கிலோ கணக்குல கெடக்கு, அதுக்குப் போய் இவ்வளவு காசா?" என்று என் அம்மா கேட்டார். மனிதர் சாப்பிடும் கூனியில் பெரும்பாலும் உப்பு போட்டுத்தான் காயவைக்கிறார்கள், நன்னீர் ஆமைக்கு அது ஆகாது.

மிதக்கும் குச்சித் தீனி. நான் வாங்கியது டெட்ரா ரெப்டோமின். எங்கள் பேட்டையில் உள்ள வளர்ப்பு மீன் கடையிலேயே கிடைத்தது, எந்தக் கடையிலும் சுலபமாகக் கிடைப்பது இதன் முதல் நல்ல விஷயம். சிறிய பச்சைக் குச்சிகள், தண்ணீரில் மிதக்கும், கொஞ்ச நேரத்தில் ஊறி மெத்தென்று ஆகும். உடனே கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடுவதில்லை. அப்படியே போட்டால் தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். அப்போதுதான் இறால் தூள் கைகொடுத்தது. குச்சிகளை இரண்டு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, இறால் டப்பாவின் அடித்தூளில் புரட்டி, ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் போட்டேன். ஓட்டத்தில் குச்சி நகர்கிறது, வாசனையும் வருகிறது, பாய்ந்து கவ்விவிட்டது. இரண்டாவது குச்சியை மட்டும் வாயில் வைத்து ஒரு நொடி நிறுத்தி யோசித்தது, துப்பப்போகிறது என்று நினைத்தேன், விழுங்கிவிட்டது. அதற்கப்புறம் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். இப்போது தூளே இல்லாமல் தின்கிறது.

இறால் தூள் இல்லாதவர்கள் டூனா டின்னில் இருக்கும் தண்ணீரில் ஊறவைக்கலாம். எண்ணெயில் போட்டதோ உப்புத் தண்ணீரில் போட்டதோ அல்ல, வெறும் தண்ணீரில் போட்ட டூனா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

ரெப்டோமின் பற்றி ஒரு குறிப்பு. குட்டி ஆமைகள் அதிகம் இறைச்சிதான் தின்னும், வளர வளரத் தழைக்கு மாறும். அதனால் புரதம் அதிகமுள்ள குச்சியை வளர்ந்த ஆமைக்கு வயிறு முட்டக் கொடுக்கக்கூடாது. ஸூ மெட் கம்பெனி இதற்காகவே குட்டிக்கு, வளரும் ஆமைக்கு, வளர்ந்த ஆமைக்கு என்று மூன்று விதமாகப் போடுகிறது, வளர்ந்ததற்கானதில் புரதம் குறைவு. நான் ரெப்டோமினையும் அந்த வளர்ந்த ஆமைத் தீனியையும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். ஒரே வேளைக்கு ஆமையின் தலை அளவுக்குத் தீனி போதும் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. வளர்ந்த ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குச்சி, நடுவில் கீரை. அது கெஞ்சுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஆமை எப்போதும் கெஞ்சும்.

உறைந்த பிளட்வோர்ம். சாக்லேட் கட்டி போல் சின்னச் சின்னச் சதுரமாக, தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுக்கலாம். தம்பிக்குப் பிடித்தது. ஆனால் அந்தப் புழு மெல்லிசு, வளர்ந்த ஆமையின் வாயில் அகப்படுவதைவிடத் தண்ணீரில் சிதறுவதே அதிகம், ஃபில்டர் பஞ்சு சிவந்துபோகிறது. குட்டி ஆமைக்கு வேண்டுமானால் வாங்குங்கள். அப்புறம், ஐஸ் பெட்டியில் எங்கே வைப்பது என்பதை வீட்டில் பேசி முடிவுசெய்துவிட்டு வாங்குவது நல்லது.

உயிருள்ள கிரிக்கெட் பூச்சி. அரோவானா மீன் வளர்ப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம் என்பதால் இது தாராளமாகக் கிடைக்கிறது. சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் வரிசையாக மீன் கடைகள், பிராணிக் கடைகள் இருக்கின்றன, அங்கே கேட்டுப் பாருங்கள். பையில் காற்றடைத்து, முட்டை அட்டைத் துண்டு ஒன்றை உள்ளே போட்டுக் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்த கடை அங்கிள் நல்ல மனிதர். நான் "ஆமைக்கு" என்றதும் பெரிய பூச்சிகளை ஒதுக்கிவிட்டு நடுத்தரமாகப் பார்த்துப் போட்டார், "பட்டினி போடு, சாப்பிடும், பாவம் பார்க்காதே" என்று இலவச ஆலோசனையும் தந்தார்.

இங்கேதான் பச்சோந்தி வளர்க்கும் சித்தப்பா மகனின் பாடம் வேலைக்கு வந்தது. கடையிலிருந்து வந்த பூச்சியை அன்றே போடக்கூடாது என்றான். பையில் பட்டினி கிடந்த பூச்சிக்கு உள்ளே ஒன்றுமே இருக்காது, வெறும் ஓடுதான். ஒரு நாள் வைத்திருந்து கேரட்டும் கீரையும் கொடுத்தால் பூச்சியின் வயிற்றில் இருப்பதும் சேர்ந்து உள்ளே போகும். கீரையை நேராகத் தொடாத பிராணிக்குக் கீரையைப் பூச்சி வழியாக அனுப்பும் வேலை இது. பச்சோந்திக்குப் பூச்சியின் மேல் கால்சியம் பொடி தூவியும் கொடுப்பார்கள், ஏனென்றால் பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஆமைக்கு அது சரிவராது. தண்ணீரில் போட்டதும் பொடி கழுவிக்கொண்டு போய்விடும். ஆமையோ தண்ணீருக்கு வெளியே வைத்தால் விழுங்காது, நீராமைகளுக்கு விழுங்கவே தண்ணீர் வேண்டும்.

மற்றபடி கிரிக்கெட் பூச்சிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண், ஆமையைக் கேட்டால் பத்துக்குப் பத்து, அம்மாவைக் கேட்டால் பூஜ்யம். ஒன்று தப்பித்து சாமி அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு இரவெல்லாம் கத்தியது. "ஏன்டா, புளோக்குல கரப்பான் மருந்து அடிக்க ஆளு வர்றான், நீ காசு குடுத்துப் பூச்சி வாங்கிட்டு வர்றியா?" அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

கீரை. ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் ஆமைத் தீனிக்கென்று தனியாகத் தேடவேண்டாம், ஈரச்சந்தையில் ஒரு கட்டு கங்கோங் போதும். பிற கீரைகளையும் மாற்றிக்கொள்ளுங்கள், சர்க்கரைவள்ளிக் கீரை, சாய் சிம், ரொமைன் லெட்டூஸ் எல்லாம் எங்கள் சுற்றில் உண்டு. பாயம் என்கிற தண்டுக்கீரை வகையையும் பசலையையும் அடிக்கடி கொடுப்பதில்லை, அவற்றில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளையான ஐஸ்பெர்க் லெட்டூஸ் வெறும் தண்ணீர், அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

கீரையைத் தம்பி தின்ன ஆரம்பித்தது உண்மையில் பட்டினியால்தான். கடை அங்கிள் சொன்னதைப் பச்சோந்திக்காரனும் சொன்னான், டாக்டரும் ஒத்துக்கொண்டார். கண் வீக்கம் முழுக்கத் தெளிந்து, நல்ல எடையில் இருக்கும் வளர்ந்த ஆமை என்றால் சில நாள் வேறு தீனி போடாமல் கீரையை மட்டும் மிதக்கவிடலாம். குட்டிக்கும், நோயில் இருக்கும் ஆமைக்கும் இதைச் செய்யவே கூடாது. கங்கோங்கின் தண்டோடு சேர்த்து ஒரு கிளையை உறிஞ்சுரப்பர் கிளிப்பில் கண்ணாடியோடு ஒட்டிவிட்டேன், நுனி தண்ணீரில் ஆடிக்கொண்டே இருக்கும்படி. முதலில் இலையைச் சீண்டவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் இலை ஓரமெல்லாம் அரைவட்டம் அரைவட்டமாகக் கடிபட்டிருந்தது, தண்டு மட்டும் நின்றது. யாரும் பார்க்காதபோது தின்றிருக்கிறது திருட்டுப்பயல்.

இப்போது அகார் அகார். பொடியாக விற்கும் பாக்கெட், எந்தப் பிராண்ட் ஆனாலும் சரி, சர்க்கரையோ வாசனையோ சேர்க்காததாக இருக்கவேண்டும். நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா கடல்பாசி செய்து அனுப்புவார்களே, அதே பொடிதான். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஊர்வனவற்றுக்கென்று ஜெல் தீனிப் பொடி விற்கின்றன, நல்ல பொருள் என்கிறார்கள், தபால் செலவைப் பார்த்ததும் நான் அடுக்களைக்குத் திரும்பிவிட்டேன்.

செய்முறை சுலபம். ஒரு கப் தண்ணீரில் கொஞ்சம் கும்பலாக ஒரு தேக்கரண்டி அகார் பொடி போட்டுக் கொதிக்கவிட்டு, பொடி முழுக்கக் கரைந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். ரொம்ப ஆறவிட்டால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஊறவைத்து மசித்த குச்சித் தீனி, பொடியாக நறுக்கிய கங்கோங், வேகவைத்து மசித்த கேரட்டோ பூசணியோ, உப்புப் போடாமல் வேகவைத்து முள் எடுத்த மீன் கொஞ்சம், எல்லாவற்றையும் கலந்து தட்டையான டப்பாவில் ஊற்றிவிடுங்கள். உறைந்ததும் விரல்நுனி அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். ஜெலட்டினில் செய்யாதீர்கள், நம் ஊர் வெக்கைக்கும் தொட்டித் தண்ணீருக்கும் அது குழைந்துபோகும். அகார் ஒருமுறை உறைந்துவிட்டால் கொதிநிலைக்குப் பக்கத்தில் போனால்தான் மறுபடி உருகும், தண்ணீரில் கல்லுமாதிரி நிற்கும்.

இதில் இருக்கும் சூட்சுமம் என்னவென்றால் ஆமையால் பொறுக்கித் தின்ன முடியாது. கீரையை ஒதுக்கி மீனை மட்டும் எடுக்கலாம் என்று பார்த்தால் எல்லாம் ஒரே துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை மீனை அதிகமாகவும் கீரையைக் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் போடுங்கள், அடுத்தடுத்து அந்தக் கணக்கைத் தலைகீழாக்குங்கள். நான் கடைசியாகச் செய்ததில் துண்டே கரும்பச்சையாக இருந்தது, அதையும் தின்றது. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் நாலைந்து நாள் தாங்கும். ஐஸ் பெட்டியில் வைத்தால் இளகும்போது தண்ணீர் விட்டு உதிர்ந்துபோகும், அதனால் கொஞ்சமாகச் செய்வதே மேல். பூசணி போட்டால் மட்டும் தம்பி இன்னும் கண்டுபிடித்துவிடுகிறது, எப்படி என்று தெரியவில்லை.

சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளியோ தொட்டியோ வைத்துக்கொள்ளுங்கள். அகார் துண்டும் கீரையும் பெரிய தொட்டியில் அழுகினால் ஃபில்டர் தாங்காது. அந்த வாளியைச் சமையல் தொட்டியில் கழுவ வேண்டாம், ஆமைகளிடம் சால்மொனெல்லா கிருமி சாதாரணம். அமெரிக்காவில் 1975இல் நாலு அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்கவே தடை போட்டார்கள், பிள்ளைகள் கையில் வைத்துக் கொஞ்சி வாயில் வைத்து நோய் வாங்கியதுதான் காரணம். என் மகள் தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

கால்சியத்துக்குக் கணவாய் ஓடு வாங்குங்கள், பறவைக் கடையில் கிடைக்கும், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் அதுதான். பின்பக்கத்துக் கெட்டியான தகட்டைச் சீவி எடுத்துவிட்டு மென்மையான பகுதியை மட்டும் தண்ணீரில் மிதக்கவிட்டால் கடித்துக்கொள்ளும். ஆனால் யூவிபி என்கிற புற ஊதாக் கதிர் விளக்கு இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் சரியாகச் சேராது, ஆமையின் ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னலோரம் வெயில் வருகிறதே என்பவர்களுக்கு: கண்ணாடி யூவிபியை உள்ளே விடாது. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் மாதங்கள் போகப் போக யூவிபி குறையும், வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். ஏர்கான் அறையில் தொட்டியை வைத்தால் தண்ணீர் குளிர்ந்து ஆமைக்குப் பசியே எடுக்காது, இதைத் தீனிப் பிடிவாதம் என்று தவறாக நினைப்பவர்கள் உண்டு. தொட்டியைக் கூடத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் புது டப்பா வாங்கப் போங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, குளத்தில் விட்டுவிட்டால் அதுவே தேடித் தின்னாதா என்று சிலர் கேட்கிறார்கள். மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்திலோ பூங்காக் குளத்திலோ விடுவது குற்றம், விசாக தினத்தை ஒட்டிப் பூங்காக் கழகம் இதற்கென்றே ஆள் போட்டுக் கண்காணிக்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் என்று ஐயூசிஎன் என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் நம் வீட்டுத் தம்பியின் இனமும் இருக்கிறது.

கடைசியாக டப்பா அளவு பற்றி. குச்சித் தீனியைப் பெரிய வாளியாக வாங்கினால் கிராமுக்கு நிறையவே மிச்சமாகும், கடைக்காரரும் அதைத்தான் முன்னே எடுத்து வைப்பார். ஒரு ஆமைக்கு அது வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்த டப்பா சீக்கிரம் நமத்துப்போகும், வைட்டமினும் நாளாக ஆகக் குறையும், பூஞ்சை பிடித்தால் மொத்தமும் குப்பைக்கு. சின்ன டப்பா வாங்கி, காலாவதித் தேதியைப் பார்த்து, சிலிக்கா பாக்கெட் ஒன்றை உள்ளே போட்டு இறுக்கி மூடிவையுங்கள். பெரியதுதான் வேண்டுமென்றால் ஆமை வைத்திருக்கும் இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.